கள்ளப் பூட்டு

இந்த நாற்காலி ஆடுகிறது, மேடம். பெரிய கோளாறு இல்லை, பின்னங்கால் ஒன்று கொஞ்சம் குட்டை. ஒரு காகிதத்தை மடித்து அடியில் செருகினால் சரியாகிவிடும். நீங்கள் பேனாவைத் தேடுங்கள், அதற்குள் நானே செருகிவிடுகிறேன். ஒரு பொருள் சரியில்லை என்று தெரிந்தால் அதைச் சொல்லாமல் என்னால் உட்கார முடியாது. பழகிப்போன உடம்பு.

கதவில் உங்கள் பெயருக்குக் கீழே 'ஆய்வாளர்' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் ஆய்வாளர்தான். பூட்டுத் தொழிற்சாலையில் இறுதி ஆய்வாளர். நான் பூட்டைப் பார்த்து அனுப்பினேன், நீங்கள் ஆளைப் பார்த்துப் பூட்டுகிறீர்கள். இதை எழுத வேண்டாம்.

நேற்று மதியம் எங்கள் வீட்டுச் சமையலறை எரிந்தது. புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறி, மேல்வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த தையல்காரம்மா இப்போது மருத்துவமனையில் ஆக்சிஜன் குழாயோடு கிடக்கிறார். என் மருமகள் உங்களிடம் வந்து 'நான்தான் செய்தேன்' என்று சொல்லிவிட்டாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்கிறீர்கள். அவளைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் அவளுடைய நோயைப் புரிந்துகொள்ள வேண்டும். அதைப் பற்றி என்னளவுக்குத் தெரிந்த ஆள் அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆனால் என் மேஜையிலிருந்துதான் தொடங்க முடியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிற்சாலைக் கூடத்தில் வரிசையாக மேஜைகள். ஒரு கோடியில் வெறும் இரும்பாக நுழைவது மறு கோடியில் பூட்டாக வெளியே வரும். கடைசி மேஜை என்னுடையது. பூட்டை அழுத்துவேன், ஒரு இழு இழுப்பேன், சாவியைப் போட்டுத் திருப்புவேன். கண்ணை விடக் காதைத்தான் நம்புவேன். பக்கத்தில் பெட்டி கட்டுகிறவர்கள் ஒட்டுநாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "ஆச்சா?" என்பார்கள். நான் "ஆச்சு" என்றால்தான் நாடா பெட்டியில் விழும். முதலாளியே வந்து நின்றாலும் அவரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ஒரு வார்த்தையில்தான் என் பிழைப்பு முழுவதும் இருந்தது.

ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். ஓடவில்லை. ஓடவில்லை என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அதன் பிறகு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் லிஃப்ட் மெக்கானிக். ஊர் ஊராகப் போய் நின்றுபோன லிஃப்ட்டுகளை ஓடவைக்கிறவன், வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போவான். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். 'ஆச்சு' சொன்ன வாய் மட்டும் சும்மா இருக்குமா? தெருவில் ஒருவர் வீட்டுக் குழாயைச் சரியில்லை என்றேன், இன்னொருவர் வண்டியின் பிரேக்கைச் சரியில்லை என்றேன். என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போக ஆரம்பித்தார்கள். எனக்குப் 'பெருங்காய டப்பா' என்று பெயர் வைத்திருந்ததும் தெரியும். உள்ளே சரக்கு இல்லை, வாசனை மட்டும் போகவில்லை என்று அர்த்தம். நல்ல பெயர்தான்.

மருமகள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது வாய் கொள்ளாமல் சிரிக்கிற பெண். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் ஏற்றபடி சட்டத்தை வளைத்துப் பொருத்துவாள். கை அவ்வளவு நிதானம். அந்தக் கைக்காரிதான் ஒருநாள் தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்த்தாள். போனாள். மறுபடியும் வந்தாள்.

"மாமா, நான் பூட்டிட்டேன்ல?"

"பூட்டிட்டியேம்மா. நான் பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்."

"நல்லாப் பார்த்தீங்களா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. கதவுக்குப் பிறகு அடுப்பு, அடுப்புக்குப் பிறகு இஸ்திரிப்பெட்டி. அக்கம்பக்கத்தில் மறதி என்றார்கள். என் மகன், "எல்லாம் மனசுதான், கண்டுக்காத" என்றான். கண்டுகொள்ளாமல் இருக்க முடிந்தால் அது ஏன் நோயாகிறது என்று அவனுக்குத் தோன்றவில்லை. நான்தான் சரியாகப் பார்த்தேன். மறதிக்காரிக்குப் பூட்டியது நினைவிருக்காது. இவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. சாவி எந்தப் பக்கம் திரும்பியது, கைப்பிடி எவ்வளவு சில்லென்று இருந்தது, அப்போது படிக்கட்டில் யார் இறங்கினார்கள், எல்லாம். ஆனால் எவ்வளவு நினைவிருந்தாலும் 'முடிந்தது' என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்ல வேண்டும் பாருங்கள், அது மட்டும் சொல்லவில்லை. உங்களுக்கும் எனக்கும் அந்தக் குரல் தானாகச் சொல்லிவிடும், நாம் கவனிப்பதுகூட இல்லை. அவளுடைய தொழிற்சாலையில் எல்லா மேஜையும் ஒழுங்காக ஓடியது. கடைசி மேஜையில் மட்டும் ஆள் இல்லை.

மேஜை அங்கே காலியாக இருந்தது. நான் இங்கே வேலையில்லாமல் இருந்தேன்.

திருடன் வந்துவிடுவான் என்ற பயமில்லை அவளுக்கு. அவள் பயந்தது மேல்வீட்டுத் தையல்காரம்மாவை நினைத்து. அந்த அம்மாள் ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு வந்து பகல் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவர். "நான் எதையாவது அணைக்காம போயி, அவங்க தூக்கத்துலயே..." என்பாள். மீதியைச் சொல்ல மாட்டாள். சொன்னால் நடந்துவிடும் என்பதுபோல் உதட்டைக் கடித்துக்கொள்வாள். தன்னால் ஒரு உயிர் போய்விடும் என்ற பயம் அது. அவளுக்கு ஈ எறும்பைக்கூட அடிக்க மனம் வராது. அப்படிப்பட்டவர்களைத்தான் இது தேடிப் பிடிக்கிறது.

ஒருநாள் அவள் கதவுக்கும் தெருவுக்குமாக அலைந்துகொண்டிருந்தபோது, நான் எழுந்து போய்ப் பூட்டை ஒரு இழு இழுத்து, என் பழைய குரலில் "ஆச்சு" என்றேன். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தோள் இரண்டும் கீழே இறங்கின. திரும்பிப் பார்க்காமல் வேலைக்குப் போனாள். அன்று எனக்குப் பசி எடுத்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. "ஆச்சா மாமா?" "ஆச்சும்மா." சில நாள் "கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க மாமா" என்பாள். அழுத்திச் சொல்வேன். கடையிலிருந்து போன் செய்வாள். போனைப் பூட்டுக்குப் பக்கத்தில் வைத்து இழுத்துக் காட்டுவேன். அடுப்புத் திருகைத் திருகிச் சத்தம் கேட்கவைப்பேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போன் வரும். ஒருவருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் போனுக்கு ஓடினாளாம். கடைக்காரர் தங்கமான மனிதர், பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடும்மா" என்றார். வேலை போயிற்று. எனக்கு வருத்தம்தான். பகலில் வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்ததையும் நான் மறைக்கவில்லை.

அப்போதுதான் மகன் விழித்துக்கொண்டான். அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனான், என்னையும் வரச் சொன்னார்கள். சின்ன அறை. நாற்காலிகள் ஆடவில்லை.

டாக்டரம்மா அவளிடம்தான் முதலில் பேசினார். "இது கிறுக்கும் இல்ல, உங்க தப்பும் இல்ல. ஓ.சி.டி.ன்னு பேரு, எண்ணச் சுழல்னு வெச்சுக்குங்க. மூளைக்குள்ள ஒரு அலாரம் சும்மா சும்மா அடிக்குது. அதை நிறுத்தத்தான் நீங்க திரும்பத் திரும்பப் பார்க்கறீங்க. பார்க்கப் பார்க்க அது இன்னும் சுருக்கா அடிக்கக் கத்துக்குது. அரிப்பு மாதிரிதான். சொறிஞ்சா சுகம், அப்புறம் புண்ணு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்ற 'ஆச்சு' இருக்கே, அதுதான் பெரியவரே சொறியற விரல். இனிமே சொல்லாதீங்க. கேட்டா, 'தெரியலையே, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்'னு மட்டும் சொல்லுங்க. பதறுவாங்க. பதறட்டும். அந்தப் பதற்றம் தானா ஏறி தானா இறங்கும். இறங்குதுன்னு அவங்களே கண்ணால பார்க்கணும்."

தலையாட்டினேன். வாழ்நாள் முழுவதும் பூட்டுப் பார்த்தவனின் வாய்க்கே பூட்டுப் போட்டு அனுப்பினார் அந்த அம்மாள். சாவியையும் அவரே வைத்துக்கொண்டார்.

அவர் சொன்ன வைத்தியம் பார்ப்பதற்குச் சுலபம், செய்வதற்குக் கொடுமை. காலையில் நான் முதலில் வெளியே போய்விட வேண்டும். கடைசியாகக் கிளம்புகிறவள் அவள். ஒரே ஒரு முறை பூட்ட வேண்டும், இழுத்துப் பார்க்கக் கூடாது, நடந்துவிட வேண்டும். எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பூங்கா இருக்கிறது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் நாள் தெருமுனை விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கொடுங்காற்றில் நிற்கிறவள் மாதிரி நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். திரும்பி வரவில்லை. வியர்வையில் நனைந்த முகத்தோடு பூங்காவுக்குள் வந்து என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"இறங்கிடுச்சு மாமா. தானா இறங்கிடுச்சு. நான் ஒண்ணுமே பண்ணல."

சிரித்தாள். பழைய சிரிப்பு. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதில் பொய் இல்லை.

கடைக்காரர் மறுபடியும் வேலை கொடுத்தார். அதோடு நிற்கவில்லை, காலையில் கடையின் ஷட்டரைத் திறக்கும் சாவியையே அவளிடம் கொடுத்தார். அவள் அதை எனக்குக் காட்டினாள். சாதாரணச் சாவி, பல் கொஞ்சம் தேய்ந்திருந்தது. சொன்னேன். "பரவால்ல மாமா" என்றாள்.

ஒருநாள் காலில் சின்ன வலி, நான் முதலில் கிளம்பவில்லை. கூடத்தில் நின்றேன். அவள் செருப்பை மாட்டினாள், "வரேன் மாமா" என்றாள், கதவு சாத்தியது, உள்ளே நான் இருந்தும் வழக்கப்படி வெளியே சாவி ஒரு தடவை திரும்பியது, காலடிச் சத்தம் படியிறங்கிப் போயிற்று. அவ்வளவுதான். கேட்பாள் என்று வாயில் வார்த்தையை எடுத்துவைத்துக்கொண்டு நின்றிருந்தேன். "ஆச்சு" என்று நானே சொன்னேன். கூடத்தில் சுவர்க் கடிகாரம் மட்டும் இருந்தது. அது ஓடவில்லை. எனக்கு வலித்தது, மேடம். கால் இல்லை.

இங்கே உங்களுக்கு எங்கள் தொழிலில் உள்ள ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கள்ளப் பூட்டு என்று பெயர். மேற்பார்வையாளர் வேண்டுமென்றே ஒரு கெட்ட பூட்டை நல்ல பூட்டுகளுக்கு நடுவே கலந்து கடைசி மேஜைக்கு அனுப்புவார். ஆய்வாளர் தூங்குகிறானா விழித்திருக்கிறானா என்று பார்ப்பதற்கு. யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கள்ளப் பூட்டு வருகிற தொழிற்சாலையில்தான் கவனம் இருக்கும். அதற்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. கலந்தவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மேஜையில் தவறிப்போனால் பெட்டிக்குள் விழும் முன் அவரே எடுத்துவிட வேண்டும். கள்ளப் பூட்டு தொழிற்சாலையை விட்டு வெளியே போகவே கூடாது.

அவள் குணமாகிவிட்டாள் என்று டாக்டரம்மா சொல்கிறார், மகன் சொல்கிறான், கடைக்காரர் சொல்கிறார். யாராவது ஆய்வு செய்தார்களா? இல்லை. எல்லோரும் நாடா ஒட்டி அனுப்பிவிட்டார்கள். நான்தான் பொறுப்பாகச் செய்தேன்.

அவள் பூட்டிவிட்டுப் போன பிறகு பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, என்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து, லேசாகச் சாத்திவைத்துவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தேன். மதியம் சாப்பாட்டுக்கு அவள் வீட்டுக்கு வருவாள். வந்தாள். கொஞ்ச நேரம் விட்டு நானும் போனேன். சாவியை நீட்டிய கையோடு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"மாமா, கதவு திறந்திருக்கு. நான் பூட்டினேனே?"

"தெரியலையேம்மா. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

டாக்டரம்மா சொல்லிக்கொடுத்ததை ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு, "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். உள்ளே போய்ச் சாப்பிட்டாள். பாத்திரத்தைக் கழுவிவைத்துவிட்டு வேலைக்குப் போனாள். தேறிவிட்டாள் என்றே சொல்ல வேண்டும். எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

ஒரு கள்ளப் பூட்டை வைத்து எந்த ஆய்வாளரையும் எடைபோட முடியாது. ஆகவே சில நாள் விட்டு இஸ்திரிப்பெட்டி. ஒன்றும் கருகாதபடி நிமிர்த்தி நிற்கவைத்துத்தான் சுவிட்சைப் போட்டேன். அவள் வந்தபோது சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சில நாள் விட்டு மறுபடியும் இஸ்திரிப்பெட்டி. அன்று அவள் தரையில் உட்கார்ந்து, மேலே கூரையைப் பார்த்தாள். கூரைக்கு மேல் தையல்காரம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, செருப்பு மாட்டிய பிறகு, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"மாமா. ஆச்சா?"

உள்ளே ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. "ஆச்சும்மா" என்றேன். அழுத்தியே சொன்னேன்.

"டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க மாமா."

"சொல்லவே மாட்டேன்மா."

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டியிருக்கீங்க" என்கிறீர்கள். சரியான பழமொழிதான். ஆனால் அதில் ஒரு விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. தொட்டில் நன்றாக ஆட்டப்படுகிறது.

இஸ்திரிப்பெட்டி விஷயத்துக்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையில் ஆறவைத்து, ஒயரைச் சுற்றி, துணிப்பையில் போட்டுக் கையோடு கடைக்கு எடுத்துப்போக ஆரம்பித்தாள். "கையிலேயே இருந்தா, வீட்ல எரியலன்னு தெரியும்ல மாமா" என்றாள். சொல்லும்போது சிரித்தாள், கண் மட்டும் சிரிக்கவில்லை. இஸ்திரிப்பெட்டிக்கும் கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்துவிட்டது என்று நான் கிண்டல் செய்தேன். வீட்டில் ஒரு தமாஷ் வேண்டாமா?

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. நன்றாக இருந்த பெண் ஏன் சறுக்குகிறாள் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "வீட்ல புதுசா ஏதாவது மாறியிருக்கா?" நான் நன்றாக யோசித்துவிட்டு, "ஒண்ணும் மாறலையே" என்றேன். உண்மையில் எல்லாம் பழையபடி ஆகியிருந்தது. அதனால் அது பொய்யில்லை.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் முந்தாநாள் சாயங்காலம் அவள் வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"மாமா, நான் டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். உங்ககிட்ட கேக்கறதையும் சொல்லிட்டேன். இனிமே கேக்க மாட்டேன். பழக்கதோஷத்துல கேட்டாலும் நீங்க சொல்லாதீங்க. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல மாமா. பாசத்துலதானே சொன்னீங்க."

பாசத்தில்தான் சொன்னேன். அவளே ஒப்புக்கொண்ட விஷயம், இதை அவசியம் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்றுக் காலை அவள் கேட்கவில்லை. பூட்டினாள், பையைத் தோளில் மாட்டினாள், போய்விட்டாள். நான் வீட்டுக்குள் வந்தேன். கதவை ஏற்கெனவே பார்த்தாயிற்று. இஸ்திரிப்பெட்டி அவளோடு வேலைக்குப் போயிருந்தது. மிச்சமிருந்தது அடுப்பு ஒன்றுதான். அவள் சாப்பாட்டுக்கு வரும் நேரத்தைக் கணக்கு வைத்து, காலிப் பாத்திரம் ஒன்றை ஏற்றி, தீயைச் சிறிதாக வைத்தேன். அவள் வரும்போது பாத்திரத்தின் அடி கறுத்திருக்கும். வீட்டில் தீய்ந்த வாடை இருக்கும். வேறு ஒன்றும் ஆகாது. நன்றாக யோசித்துச் செய்த காரியம். பக்கத்தில் கைபிடித் துணி தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்தேன். எடுத்துத் தள்ளி மாட்டியிருக்கலாம். அது அவள் மாட்டிய இடம், நான் எதையும் மாற்றிவைப்பதில்லை.

கதவைப் பூட்டிவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவள் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. கடையில் கூட வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து சாப்பிடக் கூப்பிட்டார்களாம். வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டதாம். அடிக்கட்டும் என்று உட்கார்ந்து சாப்பிட்டாளாம். அவள் குணமாகிக்கொண்டிருந்தாள். அதை என்னிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

புகையை முதலில் பார்த்தது நான்தான். எங்கள் சமையலறை ஜன்னலில் மெல்லிசாகத்தான் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. நான் முதலில் போய் அணைத்துவிட்டால் சோதனை கெட்டுவிடும். அவள்தான் முதலில் பார்க்க வேண்டும், நான் பிறகு போக வேண்டும், அதுதான் முறை. ஆகவே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மேலே தையல்காரம்மா தூங்குவார் என்பது நினைவில் இருந்தது. எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். புகை கறுத்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் தெருவில் ஆட்கள் ஓட ஆரம்பித்துவிட்டார்கள், எங்கள் கதவை உடைத்தார்கள். நான் பூட்டிய பூட்டு, மேடம். சுலபத்தில் உடையவில்லை.

தையல்காரம்மாவைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தபோதுதான் மருமகள் தெருமுனையில் வந்தாள். பார்த்தாள். அவள் அவ்வளவு நாள் பாதியில் நிறுத்திவைத்திருந்த வாக்கியம் கண்ணெதிரே போர்வைக்குள் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் அங்கே வந்து நின்ற உங்களிடம் ஓடிவந்து, "நான்தான் மேடம், இஸ்திரிப்பெட்டியை அணைக்காம போயிட்டேன்" என்றாள். நீங்கள் அவள் தோளில் தொங்கிய பையை வாங்கித் திறந்தீர்கள். உள்ளே இஸ்திரிப்பெட்டி, ஒயர் ஒழுங்காகச் சுற்றியபடி. பிறகு தலையைத் தூக்கி, வீட்டுக்கு இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டீர்கள். நல்ல ஆய்வாளர் நீங்கள். என் மேஜையில் உட்காரவைக்கலாம்.

ஆமாம். அடுப்பைப் பற்றவைத்தது நான். கதவைத் திறந்தது நான். இஸ்திரிப்பெட்டியின் சுவிட்சைப் போட்டதும் நான்தான், ஒவ்வொரு தடவையும். அவள் ஒரு நாளும் எதையும் அணைக்காமலோ பூட்டாமலோ போனதில்லை. நான் ஆய்ந்தவரை அவளிடம் ஒரு குறையும் இல்லை. என் பக்கத்தில் நடந்த தவறு ஒன்றே ஒன்று. கலந்தவன் பக்கத்தில் நிற்க வேண்டும், நான் தள்ளி உட்கார்ந்திருந்தேன். கள்ளப் பூட்டு வெளியே போய்விட்டது.

சரி, இப்போது அவளைக் கூப்பிடுங்கள். பக்கத்து அறையில் துடித்துக்கொண்டிருப்பாள். என் வாயால் 'நீ இல்லம்மா' என்று சொல்லிவிடுகிறேன். வேறு யார் சொன்னாலும் அவள் மனம் ஆறாது.

"அவங்க கிளம்பிட்டாங்க பெரியவரே."

எங்கே?

"ஆஸ்பத்திரிக்கு. அந்தத் தையல்காரம்மா கண்ணைத் தொறந்துட்டாங்களாம், பார்க்கப் போயிருக்காங்க. உங்க பையனும் டாக்டரம்மாவும் கூடப் போயிருக்காங்க."

என் வார்த்தை இல்லாமல் எப்படிப் போனாள்?

"இஸ்திரிப்பெட்டியை எடுத்து மேசை மேல வெச்சேன். அதையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம், 'அப்ப நான் இல்ல'ன்னாங்க. ஒரு தடவைதான் சொன்னாங்க. 'நாளைக்குத் திரும்பச் சந்தேகம் வரும் மேடம், வந்தா வந்துட்டுப் போகட்டும்'னு சொல்லிட்டு எழுந்துட்டாங்க."

என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா?

"ஒண்ணும் கேக்கல."

அதிர்ச்சியில் இருப்பாள், பாவம். ராத்திரிக்குள் கேட்பாள். கதவில்லாத வீட்டில் அவளுக்குத் தூக்கம் வராது. இங்கே போன் வந்தால் என்னிடம் கொடுத்துவிடுங்கள், ஒரு நிமிஷம் பேசினால் போதும்.

காகிதம் செருகிய பிறகும் இந்த நாற்காலி ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. "நாற்காலி ஆடல பெரியவரே, உங்க காலுதான் ஆடுது" என்கிறீர்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். கீழேயும் போட்டுவிட்டேன். அடுப்பைப் பற்றிச் சொன்ன இடத்தை மட்டும் இன்னொரு தடவை படித்துக் காட்டுங்கள். படித்தீர்கள், தெரியும். நன்றாகத்தான் கேட்டேன், ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது. ஆனாலும் ஒரு தடவை. எனக்கு அந்த மாதிரி நோயெல்லாம் கிடையாது, அதையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இது தொழில் பழக்கம்.

எழுதி முடித்து மூடிவைத்துவிட்டீர்கள், கண்ணால் பார்க்கிறேன். ஆனால் வாயால் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே. ஆச்சு என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், எழுந்து உங்களோடு வந்துவிடுகிறேன். கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள், மேடம்.